பார்வை நரம்பு அழற்சி: எதை உடனே முடிவு செய்வது, எதை ஒத்திப்போடுவது

கணவனுக்கோ மனைவிக்கோ இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு கண்ணின் பார்வை மங்கிப்போனால், கூட இருப்பவர் ஒரே வாரத்தில் பல முடிவுகளை எடுக்க வேண்டியதாகிறது. எந்த மருத்துவமனைக்குப் போவது, என்ன மருந்துக்குச் சம்மதிப்பது, யாரை ஊரிலிருந்து வரவழைப்பது, அலுவலகத்தில் என்ன சொல்வது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்து நிற்கும். இவற்றில் சில முடிவுகளுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு. வேறு சிலவற்றை ஆறு மாதத்துக்குத் தொடவே கூடாது. பெரும்பாலான குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மருத்துவரிடம் போவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு, வேலையை விட்டுவிடலாமா, வீட்டை விற்றுக்கொண்டு சொந்த ஊருக்கே போய்விடலாமா என்ற பேச்சை அன்றிரவே தொடங்கிவிடுகிறார்கள். என் கணவருக்கு இந்த நோய் வந்த பிறகு நான் கண்டதையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்ததையும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நம் முன்னே இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன். மருந்தைப் பற்றிய இறுதி முடிவு மருத்துவருடையது. அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்கு இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. மின்கம்பியின் மேலுறை உரிந்தால் மின்னோட்டம் தடுமாறுவதுபோல, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாக இந்த உறையைத் தாக்கும்போது பார்வைச் செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கண்ணை அசைத்தால் வலி, சில நாட்களுக்குள் கூடிக்கொண்டே போகும் மங்கல், நிறம் வெளுத்துத் தெரிவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். என் கணவர் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, வலக்கண்ணால் பார்த்தால் சிவப்பாகவும் இடக்கண்ணால் பார்த்தால் வெளுத்த செங்கல் நிறமாகவும் தெரிகிறது என்றார். மருத்துவரும் பிறகு சிவப்பு மூடி ஒன்றைக் காட்டி இதே கேள்வியைத்தான் கேட்டார். வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. ஆனால் இதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்கு மட்டும் இது போதுமான சான்று.

முதலில் எங்கே போவது

தெருமுனைக் கண்ணாடிக் கடை, அருகிலுள்ள கண் மருத்துவர், பெரிய கண் மருத்துவமனை, நரம்பியல் பிரிவு உள்ள பொது மருத்துவமனை என்று நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவதை அப்போதே நீக்கிவிடலாம். கண்ணாடிப் பவரை மாற்றித் தீரும் நோய் இல்லை இது. இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நோய் வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அழற்சி கண்ணுக்குப் பின்னால், நரம்பின் உட்பகுதியில் இருக்கும். அவர்களுடைய கண்ணின் உட்புறத்தைக் கருவி வைத்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அவசரத்தில் இருக்கும் ஒருவர் "கண்ணில் ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொட்டு மருந்தும் வைட்டமின் மாத்திரையும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடலாம். டார்ச் வெளிச்சத்தை இரு கண்களிலும் மாற்றி மாற்றி அடித்துக் கண்மணி சுருங்குவதைப் பார்ப்பது ஓர் எளிய சோதனை. நரம்பில் கோளாறு இருப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அருகிலுள்ள மருத்துவர் இதைச் செய்து, நிறப் பார்வையையும் பார்த்து, உடனே மேல் சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தால், அவரிடம் முதலில் போனது நல்லதே. செய்யாவிட்டால் அங்கே இன்னொரு நாளைச் செலவிடாதீர்கள்.

மூன்றாவது, நான்காவது வழிகளுக்கு இடையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல வசதி உண்டு. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் பெயர் அநேகமாக எல்லா வீடுகளிலும் தெரிந்திருக்கும். பின்னிரண்டிலும் பார்வை நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கண் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. என் தேர்வு இப்படி: ஒரு கண் மட்டும் மங்கி, வேறு தொந்தரவு இல்லையென்றால் முதலில் கண் மருத்துவமனை. இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கினாலோ, கை கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ, விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நிற்காமலிருந்தாலோ நேரே நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனை. பின்னே சொன்ன அறிகுறிகள் நோய் பார்வை நரம்பைத் தாண்டித் தண்டுவடத்தையோ மூளைத்தண்டையோ தொட்டிருப்பதைக் காட்டக்கூடும்.

திடீர்ப் பார்வைக் குறைவெல்லாம் இந்த நோய்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவருக்குக் காலையில் எழுந்தவுடன் வலியில்லாமல் பாதிப் பார்வை மறைந்திருந்தால், நரம்புக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். காசநோய்க்கு எதம்பியூட்டால் சாப்பிடுபவருக்கு இரு கண்ணிலும் வலியில்லாமல் பார்வை குறைந்தால் அந்த மருந்தே காரணமாக இருக்கலாம்; நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது, வாயால் ஒப்பிப்பதைவிட மருத்துவருக்குப் பயன்படும்.

மருந்தில் நான்கு வழிகள்

இந்தக் கட்டத்தில்தான் குடும்பங்கள் மிகவும் குழம்புகின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்றும் கொடுக்காமல் கவனித்துவருவது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் மாத்திரையாக மட்டும் கொடுப்பது, அதிக அளவு ஸ்டீராய்டை இரத்தக்குழாயில் ட்ரிப்ஸாக ஏற்றுவது, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது என்று வழிகள் நான்கு. முதல் மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை நோயாளிகளைச் சேர்த்து நடந்தது. 15 மையங்களில் 457 பேர் கலந்துகொண்டார்கள். முதல் முடிவுகள் 1992-இல் வெளிவந்தன. இன்றைக்கும் மருத்துவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு அடிப்படையாக இருப்பது அந்த ஆய்வுதான்.

அதில் தெரியவந்தவை மூன்று. மெத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று நாட்கள் ட்ரிப்ஸாக ஏற்றி, பிறகு பதினொரு நாட்கள் மாத்திரை கொடுத்தவர்களுக்குப் பார்வை விரைவாகத் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் பார்வையும் ஏறத்தாழ அதே அளவுக்கு வந்திருந்தது. மூன்றாவது முடிவுதான் எல்லோரையும் வியக்கவைத்தது: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஐந்தாண்டு முடிவில் அந்தக் குழுவில் 41 விழுக்காட்டினருக்கு மறுபடியும் வந்திருந்தது. மற்ற இரண்டு குழுக்களிலும் 25 விழுக்காடு.

ஆக, ட்ரிப்ஸ் என்றால் பயந்து "மாத்திரை மட்டும் கொடுங்கள் டாக்டர்" என்று நாம் கேட்கும் அந்த நடுவழிதான் நான்கிலும் மோசமானது. அப்படிக் கேட்கும் குடும்பங்கள் ஏராளம். அதிக அளவு மருந்தை மாத்திரையாகவே கொடுப்பது வேறு விஷயம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 55 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ட்ரிப்ஸில் ஏற்றும் 1,000 மில்லிகிராம் மெத்தில் பிரெட்னிசோலோனுக்கு ஈடாக 1,250 மில்லிகிராம் பிரெட்னிசோன் மாத்திரை கொடுத்தபோது, பார்வை திரும்புவதில் வேறுபாடு இல்லை. மருத்துவமனை தொலைவில் இருப்பவர்களுக்கு இது உதவும். ஆனால் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரையை விழுங்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் வைத்து ஏற்றுவதே பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன்.

"ஆறு மாதத்தில் தானாகவே வந்துவிடும் என்றால் எதற்கு ஸ்டீராய்டு?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையினப் பெண்கள். அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயுடன் தொடர்புள்ள வகை. நம் பக்கத்தில் இரண்டு வேறு வகைகளையும் நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்க உடலே உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளால் வருவது. இதை நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்பார்கள். இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்த அறிவிப்பே 2004-இல்தான் வந்தது. அதாவது அமெரிக்க ஆய்வு நடந்த காலத்தில் இந்த வகையைப் பிரித்தறியும் வழியே இல்லை. மற்றொன்று மாக் என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது. அக்வாபோரின் வகையில் காத்திருந்தால் இழந்த பார்வை திரும்பாமலே போய்விடக்கூடும். ஒவ்வொரு தாக்குதலும் நிரந்தர இழப்பை விட்டுச்செல்லும். எந்த வகை என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, தடை ஏதும் இல்லாத ஒருவருக்கு ஆன்டிபாடி முடிவு வரும்வரை காத்திராமல் ட்ரிப்ஸைத் தொடங்கச் சொல்லும் மருத்துவர் பக்கமே நான் நிற்பேன். அதற்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், மேகநோய், மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் எடுக்கப்பட்டுவிட்டனவா என்பதையும், ஆன்டிபாடிக்கான இரத்தம் முன்னதாகவே எடுக்கப்பட்டதா என்பதையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து ஏறும்போது நாக்கில் செம்புக் காசை வைத்ததுபோல் கசக்கிறது என்றார் என் கணவர். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. அடங்காத பசி எடுக்கும். இரவில் தூக்கம் வராது. அந்த நாட்களில் அவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, பத்தாண்டுக்கு முந்திய கணக்கு வழக்கையெல்லாம் பேசினார். மறுநாள் சின்ன விஷயத்துக்குச் சீறினார். மருந்தின் வேலை இது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் துணைக்கு இருப்பவரின் மனம் பாதிக்குப் பாதி நோகாமல் இருக்கும். பேச்சு கட்டுமீறிப் போனாலோ, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னாலோ பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது வழியான பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கு வருகிறேன். இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கினால் தாக்கும் ஆன்டிபாடிகளும் அதனுடன் வெளியேறும். வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முதல் ஏழு முறை செய்வார்கள். தனியார் மருத்துவமனையில் செலவு லட்சக்கணக்கில் போகும். கழுத்து இரத்தக்குழாயில் குழாய் போட வேண்டிவரலாம். அதனால் "ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்து, ஒரு மாதம் பொறுத்து முடிவு செய்யலாமே" என்று குடும்பம் தயங்குவது இயல்பு. ஆனால் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவில் இந்தச் சிகிச்சை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு பயன் தருகிறது. கை அசைவுகூடத் தெரியாத அளவுக்குப் பார்வை போயிருந்தாலோ, ட்ரிப்ஸ் முடிந்தும் சிறிதும் தெளிவு வராவிட்டாலோ, "பிளாஸ்மா மாற்ற வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த நாளில்" என்று நாமே கேட்டுவிட வேண்டும். இந்த முடிவை மாதத்துக்குத் தள்ளுவது, பார்வையை வைத்துச் சூதாடுவதற்குச் சமம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் அன்றைக்கே காட்டி எதெது அடங்கும் என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறுவதாக இருந்தாலும் அதையும் இந்த வாரத்துக்குள்ளேயே செய்ய வேண்டும்.

முடிவுகள் வந்த பிறகு

மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மயலின் சிதைந்த இடங்களைக் காட்டும் புள்ளிகள் இல்லையென்றால் அது பெரிய ஆறுதல். மேற்சொன்ன ஆய்வில் இருந்தவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஸ்கேனில் புள்ளி இல்லாதவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்திருந்தது. இந்தியர்களுக்கு இந்த அபாயம் மேற்கத்தியர்களைவிடக் குறைவு. எனவே, இணையத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிலைகுலைய வேண்டாம். அதே ஆய்வில் 15 ஆண்டு முடிவில், பாதிக்கப்பட்ட கண்களில் 72 விழுக்காடு இயல்பான 6/6 பார்வையோடு இருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்வாபோரின் ஆன்டிபாடி இருப்பது உறுதியானால், "இப்போது பார்வை வந்துவிட்டதே, மருந்து எதற்கு" என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இந்த வகையில் நீண்டகாலத் தடுப்பு மருந்து கட்டாயம். அசதியோப்ரின், மைக்கோஃபெனோலேட் போன்ற மாத்திரைகள் விலை குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும், அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவை. ரிட்டுக்சிமாப் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன்ற இடைவெளியில் ஏற்றுவார்கள். 2007 முதல் இந்தியாவிலேயே அது தயாராவதால் முன்போல எட்டாத விலையில் இல்லை. எக்குலிசுமாப் போன்று 2019 முதல் இந்த நோய்க்கென அனுமதி பெற்ற மருந்துகள் சிறந்த பலன் தந்தாலும், சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. மருத்துவர் இடம்கொடுத்தால் நான் ரிட்டுக்சிமாபைத் தேர்வேன். தினம் மாத்திரை போடுவதை மறந்துவிடும் மனிதர்கள் நம் வீடுகளில் அதிகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் இந்த வகையை மோசமாக்கிவிடும். ஆன்டிபாடி பரிசோதனைக்கான செலவை மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

என் கணவருக்கு இருந்தது மாக் வகை. இது ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மாத்திரையை வேகமாகக் குறைத்தால் திரும்ப வரும் குணமும் உண்டு. முகம் வீங்குகிறது, எடை கூடுகிறது என்று அவர் சலித்துக்கொண்டபோதெல்லாம், அளவைக் குறைப்பது மருத்துவர் எழுதிய அட்டவணைப்படி மட்டுமே என்பதில் நான் அசையவில்லை. ஒரே ஒரு தாக்குதலோடு நின்றுவிடும் மாக் நோயாளிகளும் உண்டு என்பதால், இதில் ஆண்டுக்கணக்கில் தடுப்பு மருந்து தேவையா என்பதை இரண்டாவது தாக்குதல் வருகிறதா என்று பார்த்துத் தீர்மானிப்பது வழக்கம்.

வீட்டில்

வீட்டில் மூன்று விதமாக ஏற்பாடு செய்யலாம். துணையே நீண்ட விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் தானே செய்வது. மாமியாரையோ அம்மாவையோ வரவழைப்பது. நோயுற்றவர் தம் வேலைகளைத் தாமே செய்யும்படி வீட்டை மாற்றி அமைப்பது. மருத்துவமனை நாட்களுக்கும் அடுத்த ஓரிரு வாரத்துக்கும் முதல் வழிதான் சரி. அதற்குப் பிறகும் அதே வழியில் போனால் இருவருக்கும் கெடுதல். பெரும்பாலானோருக்கு மூன்று வாரத்துக்குள் பார்வை திரும்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துக்கொடுக்கும் பழக்கம் ஊறிவிட்டால், கண் தேறிய பிறகும் மனிதர் எழுந்திருக்கமாட்டார். விடுப்பு எல்லாம் தீர்ந்துவிட்டால், அடுத்த தாக்குதல் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது வழியில் நன்மை உண்டு. என் அத்தை வந்து சமையலைப் பார்த்துக்கொண்டதால்தான் என்னால் மருத்துவமனைக்கு அலைய முடிந்தது. ஆனால் மகன் படும் பாட்டைப் பார்த்து ஒரு தாய் அழுவதை நிறுத்த முடியாது. அந்த அழுகை மகனுடைய காதில் விழுந்துகொண்டே இருக்கும். அத்தையிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: "அத்தை, அவர் சாமானைத் தேடித் தடவினாலும் நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள், அவராகக் கேட்டால் கொடுங்கள்." அவருக்கு அது கடினமாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தார்.

மூன்றாவது வழிக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு கண் மங்கும்போது ஆழம் பிடிபடாது. தேநீரை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். பாத்திரத்தின் மூக்கை டம்ளரின் விளிம்பில் தொடவைத்துவிட்டு ஊற்றினால் சிந்தாது. எவர்சில்வர் தட்டில் இருக்கும் தயிர்ச்சோறு அவருக்குத் தட்டோடு தட்டாகக் கலந்து தெரிந்தது. அதையே வாழை இலையில் போட்டபோது எங்கே சோறு, எங்கே பொரியல் என்று பிரித்துப் பார்த்து உண்டார். எழுத்துப் பலகையில் சின்ன எழுத்தைப் படித்துவிடுபவருக்கும் இந்த வேறுபாடறியும் திறன் மட்டும் குறைந்தே இருக்கும். ஆகவே படிக்கட்டின் ஓரங்களில் மஞ்சள் நாடா ஒட்டுவது நல்லது. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு. கைப்பேசித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைத் தமிழில் பேசவைக்கலாம். ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி என்ற செயலி இருக்கிறது. இரு கண்ணிலும் பார்வை திரும்பாமல் போனவர்களுக்குக் கண் மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவும், பூந்தமல்லியில் உள்ள பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் பயிற்சி தருகின்றன. அங்கே போவதை நம்பிக்கையைக் கைவிடுவதாக எண்ண வேண்டாம். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே போகலாம்.

வெயிலில் நடந்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தேறிய பார்வை மறுபடி சிறிது நேரம் மங்கும். உடல் சூடு தணிந்ததும் சரியாகிவிடும். இது புதிய தாக்குதல் இல்லை. ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலி திரும்பினாலோதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இருசக்கர வண்டியை, மருத்துவர் பார்வைப் புலத்தை, அதாவது கண் ஒரே நேரத்தில் காணும் பரப்பை, சோதித்துச் சம்மதிக்கும்வரை தொடக்கூடாது என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. எதிரே வரும் வண்டியின் தூரமும் வேகமும் தவறாகவே தெரியும்.

உறவினர்களிடம் மறைப்பதா, சொல்வதா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை: சொல்லிவிடலாம். மறைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள். "அப்பாவுக்கு இடப்பக்கம் சரியாகத் தெரியவில்லை, மருந்து சாப்பிடுகிறார், வலப்பக்கமாக வந்து பேசு" என்ற அளவுக்குச் சொன்னால் குழந்தைக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் கிடைக்கும். சொன்ன பிறகு ஆளுக்கொரு யோசனை வரும். கண்ணேறு கழிப்பதும், குலதெய்வத்துக்கு முடிந்துவைப்பதும் யாருக்கும் தீங்கு செய்யாது. பெரியவர்களுக்கு அது மனத்தெம்பு. ஆனால் கண்ணில் பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விடுவதையும், ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குப் போவதையும் எவ்வளவு பெரியவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது. நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கூட இருப்பவருக்கும் மனம் உண்டு. அதைத் தனியே சுமப்பதா, யாரிடமாவது பேசுவதா என்றால் பேசுவதே மேல். குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வேலை

முதல் ஆறு மாதத்துக்குள் விலகல் கடிதம், விருப்ப ஓய்வு, வேலையை விட்டுக் கடை வைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். பார்வை இன்னும் தேறிக்கொண்டிருக்கும் காலம் அது. அந்த நிலையை வைத்து முப்பது ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. மருத்துவ விடுப்பு, மாற்றுப் பணி, விலகல் என்ற மூன்றில் முதலிரண்டையும் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்காமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது. தனியார் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, சந்தா நிபந்தனைகள் பூர்த்தியானால், ஆண்டுக்கு 91 நாட்கள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். அரசு ஊழியர்களுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பெரும் பாதுகாப்பு: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது, பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படியொரு பணியிடம் இல்லையென்றால் உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர், அக்கறையோடுதான் என்று நினைக்கிறேன், விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிடும்படி சொன்னார். இந்தப் பிரிவை அச்செடுத்து விடுப்பு விண்ணப்பத்தோடு வைத்துக் கொடுத்தோம். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை.

குறைபாட்டுச் சான்றிதழை உடனே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நடைமுறையிலுள்ள அளவீட்டின்படி, ஒரு கண் முழுதும் போய் மறுகண் நன்றாக இருந்தால் 30 விழுக்காடுதான் வரும். ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். எனவே ஒரு கண் மட்டும் பாதித்தவர்கள் இதற்காக முதல் மாதத்திலேயே அலைந்து பயனில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உறுதியானவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே தனி இனம் உண்டு என்பதால், அவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு அந்த வழியில் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் முடியும்போது எழுத்துப் பலகைச் சோதனையோடு நின்றுவிடாமல், பார்வைப் புலம், நிறப் பார்வை, வேறுபாடறியும் திறன் ஆகிய மூன்றையும் அளந்து எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கணக்கெழுதுபவருக்கு ஒரு குறை பெரிதாகவும், வண்டி ஓட்டுபவருக்கு இன்னொரு குறை பெரிதாகவும் இருக்கும். எந்தப் பணிக்கு மாறுவது, மாற வேண்டுமா என்பதையெல்லாம் அந்தத் தாளை முன்னே வைத்துக்கொண்டு, முடிவைச் சொல்லும் உரிமையை நோயுற்றவரிடமே விட்டு, இருவரும் பேசிக்கொள்ளலாம்.